பிடித்தது என்றால் பேணத் தெரியணும்: எங்கள் வீட்டு ‘வ’ பட்டியல்

எங்கள் வீட்டில் ஒரு விளையாட்டு உண்டு. ஓர் எழுத்தை எடுத்துக்கொள்வோம். அந்த எழுத்தில் தொடங்கும், மனசாரப் பிடித்த எதையும் சொல்லலாம். ஆறாக இருக்கலாம், ஊராக இருக்கலாம், சாப்பாடு, பறவை, பாத்திரம் எதுவானாலும் சரி. ஒரே ஒரு நிபந்தனை. சொன்னவர் அதைப் பேணும் வழி ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எப்படிப் பார்த்து வாங்குவது, எப்படிக் கெடாமல் வைப்பது, எந்தச் சமயத்தில் அதைத் தொடக்கூடாது, இப்படி உருப்படியாக ஏதாவது ஒன்று. சொல்லத் தெரியாவிட்டால் அது பட்டியலில் ஏறாது. தெரிந்தவரிடம் போய்க் கேட்டுக்கொண்டு வந்து மறுபடி சொல்லலாம்.

நிபந்தனையைப் போட்டவர் என் மாமியார். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. அதற்கப்புறம் காவிரி டெல்டாவின் தென்பகுதியில் ஊர் ஊராக மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. நாங்கள் இருப்பது நீடாமங்கலம் பக்கம், வெண்ணாற்றங்கரை. ராத்திரியில் கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. பிள்ளைகளைத் தூங்கவைக்க இந்த எழுத்து விளையாட்டை ஆரம்பித்தேன். ‘ம’ எடுத்தோம். மழை, மயில், மாம்பழம், மாமரம் என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். திண்ணையில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்த அத்தை, “மாமரம் பிடிக்கும்னு சொல்றியே, கொல்லையில அது சாஞ்சு கெடக்கு. அதை நிமித்துறது எப்படின்னு தெரியுமா?” என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அவரே சொன்னார். கிளைகளைக் கழித்துப் பாரத்தைக் குறைக்கணும். வேர் காய்வதற்குள் கயிறு கட்டி மெதுவாக நிமிர்த்தணும். முட்டுக் கொடுத்து மண் அணைக்கணும். மறுநாள் அப்படியே செய்தோம். மரம் பிழைத்தது, விளையாட்டும் மாறிவிட்டது.

எந்த எழுத்தை எடுப்பது என்பதை யோசித்துத்தான் முடிவு செய்யணும். ‘க’ எடுத்துப் பார்த்தோம். காவிரி, கல்லணை, கொள்ளிடம், கும்பகோணம், காப்பி, கோயில், கொலு என்று கொட்டியது. அவ்வளவு கிடைக்கும்போது பிள்ளைகள் நாக்கு நுனியில் இருப்பதைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். ‘ஞ’ எடுத்தால் ஞாயிற்றுக்கிழமையோடு நின்றுவிடும். ‘வ’ சரியான அளவு. வ வரிசையில் சொல்லுக்கு முதலில் வரும் எழுத்துகள் எட்டு: வ, வா, வி, வீ, வெ, வே, வை, வௌ. வு, வூ, வொ, வோ என்ற நான்கும் தமிழ்ச் சொல்லின் தொடக்கத்தில் வராது என்று தொல்காப்பியமே சொல்கிறது. ஆகவே காலண்டர் தாளின் பின்பக்கம் எட்டுக் கட்டம் போட்டோம். வீட்டில் செய்து பார்க்கிறவர்களுக்கு இதையே சொல்வேன். வரிசை முழுவதையும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள், கட்டம் போடுங்கள். காலியாக இருக்கும் கட்டம்தான் பிள்ளைகளை யோசிக்க வைக்கும்.

முதலில் ஏறியது வெண்ணாறு. இந்தக் கரையில் பிறந்து வளர்ந்தவர்களிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்? மேட்டூரிலிருந்து வரும் தண்ணீர் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. வெள்ளக் காலத்தில் மிஞ்சுவது கொள்ளிடத்தில் போகிறது. வெண்ணாறு தஞ்சாவூரைத் தாண்டி நீடாமங்கலம் வந்ததும் மூணாறு தலைப்பில், அதாவது தண்ணீரைப் பிரித்துவிடும் மதகில், மறுபடி பிரிந்து கோரையாறும் பாமணியாறும் தனித்தனியாகத் தெற்கே போகின்றன. பிள்ளைகளின் அப்பா இதற்குச் சொன்ன பேணும் வழி, ஆற்றின் நாள்கணக்கைத் தெரிந்து வைத்துக்கொள்வது. வழக்கமாக மேட்டூர் திறப்பது ஜூன் 12. ஆனால் 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024இல் அணையில் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். தேதி முந்தினால் குறுவைக்கு ஏற்ற குறைந்த நாள் ரகத்தை விதைத்து நாற்றங்கால் போட்டுவிடலாம். ஜூலை கடைசிவரை தள்ளிப்போனால் குறுவையை விட்டுவிட்டு ஒரே போகமாகச் சம்பாவுக்குப் போவதுதான் எங்களுக்குத் தாங்கும். விதையை வாங்கி வைத்துவிட்டுத் தண்ணீரை எதிர்பார்ப்பதைவிட, தண்ணீர் எப்போது வரும் என்று பார்த்துவிட்டு விதைக்குப் போவது நல்லது. தலைப்பில் ஷட்டர் பார்க்கும் லஸ்கரிடம் முறை எப்போது என்று கேட்டுவைத்துக்கொண்டால் பாதி அலைச்சல் குறையும். அவர்களுக்கு ஆற்றைப் பற்றித் தெரியாதது இல்லை. மரியாதையாகக் கேட்டால் எல்லாம் சொல்வார்கள்.

வெட்டாறும் வடவாறும் தென்பெரம்பூரில் வெண்ணாற்றிலிருந்து பிரிகின்றன. மூன்றுமே வ. வெட்டாறு திருவாரூர் பக்கமாகப் போய் நாகூர் அருகே கடலைச் சேர்கிறது. வடவாறு தஞ்சாவூர் நகரத்துக்குள் புகுந்து வடுவூர் ஏரிக்குப் போகிறது. அதுவும் வ. இதைச் சொல்லிச் சின்னவள் இரண்டு பெயர்களை ஒரே மூச்சில் ஏற்றிவிட்டாள்.

அப்போதுதான் சென்னையிலிருந்து நாத்தனார் மகள் போனில், “அத்தை, வடவாறு எங்களுக்கும் உண்டு” என்றாள். உண்மைதான். வடவாறு என்ற பெயரில் டெல்டாவில் இன்னொன்றும் ஓடுகிறது. கொள்ளிடத்தின் கீழணையில், அதாவது அணைக்கரையில் பிரிந்து, வடக்கே காட்டுமன்னார்கோயில் பக்கமுள்ள வீராணம் ஏரியை நிரப்புகிறது அந்த வடவாறு. வீராணம் பத்தாம் நூற்றாண்டில் சோழர்கள் வெட்டிய ஏரி. 2004இலிருந்து அதன் தண்ணீர் குழாய் வழியாகச் சென்னைக்குப் போகிறது. இரண்டு வடவாறு, ஒன்று வடுவூருக்கு, இன்னொன்று வீராணத்துக்கு. இத்தனை வருஷம் இங்கேயே இருந்தும் இரண்டையும் சேர்த்து நான் நினைத்துப் பார்த்ததில்லை. எழுத்துதான் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தது. இந்த விளையாட்டில் எனக்குப் பிடித்ததே இதுதான். சரி, அவள் சொன்ன பேணும் வழி என்ன? “மேட்டூர்லேர்ந்து நீங்க நாத்து விடற தண்ணிதான் எங்க பாத்ரூம் வரைக்கும் வருது. குழாயை மூடறதுதான் என் பங்கு.” என் மாமியார் அதை ஒப்புக்கொண்டார்.

வடுவூர் ஏரிக்கு ஒரு குறிப்பு. 1999இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், 2022இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் சாலையிலேயே இருக்கிறது. ஏரி நிரம்பி, வடகிழக்குப் பருவமழையும் பெய்தபிறகு, நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை போகலாம். விடிந்ததும் போங்கள், இல்லையென்றால் வெயில் தாழ்ந்தபிறகு. நடுப்பகலில் போய்விட்டு ஒன்றுமே இல்லை என்று திரும்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பளிச்சென்ற சட்டை வேண்டாம், பாட்டு வேண்டாம், கரையில் தின்பண்டக் காகிதம் போட வேண்டாம்.

‘வெ’ கட்டத்தில் அத்தையின் பங்கு வெற்றிலை. அவருடைய பிறந்த வீடு ராஜகிரி பக்கம். ராஜகிரி, பண்டாரவாடை, அய்யம்பேட்டை, திருவையாறு வட்டாரமெல்லாம் கொடிக்கால் ஊர். அகத்தியை வளர்த்து அதன்மேல் கொடியை ஏற்றுவார்கள். வெயில் நேராக விழாமல் அகத்தி நிழல் கொடுக்கும், அடியில் எப்போதும் ஈரம் இருக்கும், ஆனால் தண்ணீர் தேங்கக்கூடாது. கொடி உயர்ந்துபோனால் இறக்கிக் கட்டுவார்கள். கும்பகோணம் வெற்றிலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியை அத்தைக்குப் படித்துக் காட்டியபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கவுளியாக, அதாவது அடுக்கிய கட்டாக வாங்கும்போது மேலே இருக்கும் இலையைப் பார்த்து ஏமாறாமல் நடுவில் விரலை விட்டுப் பிரித்துப் பார்க்கணும். ஈரம் கோத்து உள்ளே கறுத்திருந்தால் வேண்டாம். கொழுந்து இலை மெல்லிசாக, இளம்பச்சையாக இருக்கும், கிள்ளினால் மணம் வரும், காரம் குறைவு. வீட்டுக்கு வந்ததும் கழுவி, தண்ணீரை வடியவிட்டு, துணியால் ஒற்றி எடுத்து, காம்பெல்லாம் ஒரே பக்கம் இருக்கும்படி அடுக்கி, வாழைப்பட்டையிலோ ஈரத்துணியிலோ சுற்றிவைக்கணும். ஈரத்துணி என்றால் பிழிந்தால் சொட்டு வராத ஈரம். தினமும் பிரித்து, அழுகின இலை ஒன்று இருந்தால்கூட அதை எடுத்துப்போட்டுவிடணும், இல்லையென்றால் அடுத்தடுத்த இலைக்குப் பரவிவிடும். பிரிட்ஜில் வைப்பதானால் காகிதத்தில் சுற்றிக் கீழே காய்கறி வைக்கும் பெட்டியில் வைக்கலாம். மேல்தட்டில் குளிர் பட்டால் கறுத்துப்போகும்.

என் பங்குக்கு வருகிறேன். வடகம். டெல்டாவில் வெங்காய வடகம் இல்லாத வீட்டில் வத்தக்குழம்புக்கு மணம் எங்கிருந்து வரும் என்று எனக்குத் தெரியவில்லை. கீரை மசித்தாலும், புளிக்குழம்பு வைத்தாலும், மீன்குழம்பு வைத்தாலும் ஓர் உருண்டையில் கொஞ்சம் உதிர்த்து எண்ணெயில் தாளித்தால் தெரு முழுக்கத் தெரியும். கடையில் விற்பதில் வெங்காயம் குறைவு, பருப்பு அதிகம். வீட்டில் போடுவதற்குக் கொஞ்சம் பொறுமையும் சித்திரை வெயிலும் போதும். வெயிலையும் ‘வெ’ கட்டத்தில் நான் ஏற்றியது இதனால்தான்.

ஒரு கிலோ சின்ன வெங்காயத்துக்கு அளவு சொல்கிறேன். பூண்டு 100 கிராம், உடைத்த கறுப்பு உளுந்து 100 கிராம், கடுகு 50 கிராம், சீரகம் 50 கிராம், வெந்தயம் 25 கிராம், இரண்டு கைப்பிடி கறிவேப்பிலை, ஒரு ஸ்பூன் மஞ்சள்தூள், தேவையான கல்லுப்பு, கொஞ்சம் விளக்கெண்ணெய். வெங்காயத்தையும் பூண்டையும் உரலில் ஒன்றிரண்டாக இடிக்கணும். மிக்ஸியில் போடுவதானால் ஒரு சுற்று மட்டும். கூழாகிவிட்டால் காய்வதற்குள் புளித்துப்போகும். உளுந்தை ஊறவைத்துத் தண்ணீரை ஒட்ட வடித்துவிட்டு எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்து மூடி ஒரு ராத்திரி வைத்துவிடுங்கள். மறுநாள் உருண்டை பிடித்து வெயிலில் வையுங்கள். பாத்திரத்தில் ஊறி நிற்கும் சாற்றைக் கொட்ட வேண்டாம். சாயங்காலம் உருண்டைகளை உடைத்து அதே சாற்றில் போட்டுப் பிசைந்து மூடிவைத்து, அடுத்த நாள் மறுபடி உருட்டுங்கள். சாறு முழுவதும் உள்ளே இழுத்துக்கொள்ளும்வரை இதேதான் வேலை. மணமெல்லாம் அந்தச் சாற்றில்தான் இருக்கிறது. சாறு வற்றியதும் கையில் விளக்கெண்ணெய் தொட்டு இறுக்கமாக உருட்டி, உள்ளே ஈரமே இல்லாமல் கல்லாகும்வரை காயவிடணும். ஓர் உருண்டையை உடைத்து நடுவில் அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். மெத்தென்று இருந்தால் இன்னும் இரண்டு வெயில். ஜாடியில் போட்டால் அடுத்த சித்திரைவரை வரும். ஆடியிலும் ஐப்பசியிலும் ஒருமுறை எடுத்து வெயில் காட்டிவிடுங்கள்.

இதற்குக் கல்லுப்புதான் வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதைப் பார்த்து, பெரியவன் ‘வே’ கட்டத்தில் வேதாரண்யத்தை எழுதினான். எங்கள் உப்பு அங்கே அளங்களிலிருந்து வருகிறது. 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து உப்பு அள்ளப் போனவர்கள் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி வழியாகத்தான் வேதாரண்யத்துக்கு நடந்தார்கள். நாம் தினமும் பஸ்ஸில் போகிற சாலையில் அவர்கள் கால் பட்டிருக்கிறது என்று பள்ளிப் பாடத்தைத் தாண்டிப் பிள்ளைக்குத் தெரிந்ததில் எனக்குச் சந்தோஷம். கல்லுப்பைப் பீங்கான் ஜாடியிலோ மரவையிலோ வையுங்கள், மழைக்காலத்தில் வாயைத் துணி கட்டி மூடுங்கள். எவர்சில்வர் டப்பாவில் போட்டால் நாளாவட்டத்தில் புள்ளி புள்ளியாக அரித்துவிடும்.

விரால் என் கொழுந்தனார் சொன்னது. தண்ணீர் வற்றும் சித்திரை, வைகாசியில் குட்டைகளில் பிடிபடும். விரால் வெளிக்காற்றைச் சுவாசிக்கும் மீன், அதனால் தண்ணீருக்கு வெளியேயும் நெடுநேரம் உயிரோடு இருக்கும். உயிரோடு வாங்குவதுதான் முறை. ஐஸில் வைத்த விராலுக்கு ருசி பாதி. கல்லுப்பும் புளியும் போட்டு நன்றாகத் தேய்த்தால் வழவழப்பு போய்விடும், அப்புறம் செதிள் எடுப்பது சுலபம். ஆனால் அவர் சொன்ன பேணும் வழி சமையல் இல்லை. விரால் குஞ்சு பொரித்தால் தாயும் தகப்பனும் பக்கத்திலேயே காவல் நிற்கும். குஞ்சுகள் சிவப்பாக ஒரு கூட்டமாக மேலே வந்து வந்து மூச்சு விட்டுப் போகும். அந்தக் கூட்டத்தைப் பார்த்துத் தூண்டில் போட்டால் பெரியதைச் சுலபமாகப் பிடித்துவிடலாம், காவலுக்கு நிற்பதால் அது விலகாது. அப்படிப் பிடித்தால் குஞ்சு அத்தனையும் மற்ற மீனுக்கு இரையாகிவிடும். “செவப்புக் குஞ்சைப் பாத்தா தூண்டிலைச் சுருட்டிட்டு வந்துடணும் தம்பி” என்று அவர் பெரியவனிடம் சொன்னதை, மறுநாள் அவன் வாய்க்கால் கரையில் தன் கூட்டாளிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

வண்டலையும் வார்ப்பையும் விளக்கையும் பிரித்துச் சொல்ல முடியாது. சுவாமிமலைக்கு ஒருமுறை போய் ஒரு பட்டறையில் உட்கார்ந்து பார்த்தால் போதும். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து சிலையை முதலில் மெழுகில் செய்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டலை மைபோலக் குழைத்து முதல் பூச்சு பூசுகிறார்கள். வண்டல் அவ்வளவு நைசாக இருப்பதால்தான் விரல் ரேகையும் நகையின் நெளிவும்கூட அச்சில் பதிகின்றன. நிழலில் காய்ந்ததும் மேலே தடித்த மண் பூசி, கம்பியால் கட்டி, சூடுபடுத்தினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அந்த இடத்தில் உலோகத்தை வார்க்கிறார்கள். நாற்று நட்ட மண்ணே நடராஜருக்கும் அச்சாகிறது என்று சின்னவள் கண்டுபிடித்ததும் துள்ளிக் குதித்தாள்.

வண்டலைப் பேணுவது என்றால் வயலில் போடுவதுதான். ஏரி, குளங்களில் கோடையில் வண்டல் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி வாங்கலாம். சிட்டா, அடங்கலோடு முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள். தண்ணீர் வரும் நேரத்தில் கேட்டால் குளத்தில் இறங்க முடியாது. கொண்டுவந்து குவியலாக விடாமல் பரப்பி, கோடை உழவில் சேர்த்துவிடணும்.

விளக்கு என்றால் எங்களுக்கு நாச்சியார்கோயில் குத்துவிளக்கு. அதைப் பாகம் பாகமாகக் கழற்றலாம். அடி, தண்டு, எண்ணெய்த் தட்டு, மேலே அன்னம், எல்லாம் திருகுதான். துலக்குவதற்கு முன்னால் பழைய எண்ணெயைக் காகிதத்தால் வழித்து எடுத்துவிட்டுப் புளியைத் தேயுங்கள். கழுவிய கையோடு உலர்ந்த துணியால் துடையுங்கள், தானாகக் காயட்டும் என்று விட்டால் திட்டு விழும். கம்பி நார் கூடவே கூடாது. தூக்கும்போது தட்டைப் பிடிக்காமல் அடியையும் தண்டையும் பிடிக்கணும், இல்லையென்றால் திருகு தளர்ந்து விளக்கு ஒரு பக்கமாகச் சாயும்.

‘வீ’ கட்டத்தில் வீராணம் இருந்தாலும், வீணை வந்தபோது எல்லாரும் ஒதுங்கி இடம் கொடுத்தோம். தஞ்சாவூரில் இருக்கும் கொழுந்தனார் மகள் கற்றுக்கொள்கிறாள். தஞ்சாவூர் வீணைக்குப் பலாமரம். ஒரே மரத்தில் குடமும் தண்டும் சேர்த்துக் குடைந்தால் ஏகாந்த வீணை, தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. கற்றுக்கொள்ள ஆரம்பிக்கிற பிள்ளைக்கு நல்ல ஒட்டு வீணையே தாராளம், ஏகாந்தத்தின் விலை வேறு. தந்தியை அழுத்தி வாசிக்கும் மெட்டுகள் 24, வாசிக்க 4 தந்திகள், தாளத்துக்கு 3. மெட்டுகளை 24 என்று நிலையாக வைத்த பெருமை 17ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்துக்குச் சொல்லப்படுகிறது. மெட்டுகள் உட்கார்ந்திருப்பது மெழுகில். அதனால் வெயில் படும் ஜன்னலோரம், அடுப்படிச் சுவர், பூட்டி நிறுத்திய கார், மூன்றும் வீணைக்கு ஆகாது. மெழுகு இளகினால் மெட்டு நகரும், நகர்ந்தால் சுருதி போகும். வாசித்து முடித்ததும் தந்தியில் இருக்கும் வியர்வையைத் துடைத்துவிட்டு உறை போடணும். மெழுகு நாளாக ஆக வறண்டு தளரும். அப்போது மெட்டுகளை எடுத்துத் திரும்ப வைத்துக் கட்டணும். அதை வீட்டில் முயன்று பார்க்காமல் செய்தவரிடமே கொண்டுபோங்கள். காது பழகிய கையால்தான் அது முடியும்.

‘வே’ கட்டத்தில் வேளாங்கண்ணியும் இருக்கிறது. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை திருவிழா. அதற்கு முன்பிருந்தே திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கமிருந்து காவித் துணி கட்டிக்கொண்டு நடந்து வருகிறவர்கள் நீடாமங்கலம் வழியாகத்தான் போவார்கள். எங்கள் தெருவில் எந்தச் சாமி கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் பந்தல் போட்டுத் தண்ணீர் வைப்போம். நீங்களும் வைப்பதானால் ஒன்று செய்யுங்கள். தண்ணீரோடு உப்புப் போட்ட மோரும், உட்கார ஒரு பாயும், செல்போன் சார்ஜ் போட ஒரு பலகையும், ராத்திரியில் பெண்களுக்குக் கழிப்பறையும் இருந்தால் அது பெரிய உதவி. நடந்து வந்த பெண்கள் முதலில் கேட்பது கழிப்பறையைத்தான்.

எட்டாவது கட்டம் ‘வௌ’ நெடுநாள் காலியாக இருந்தது. சின்னவள்தான் வௌவால் என்றாள். எங்கள் ஊர்க் கோயில் பக்கத்து இலுப்பை மரத்தில் பழந்தின்னி வௌவால்கள் தொங்கும். பேணும் வழியை அவளே கோயில் குருக்களிடம் கேட்டுக்கொண்டு வந்தாள். அந்த மரத்தடியில் தீபாவளிக்கு வெடி வைக்கக்கூடாது. கீழே விழுந்து கிடக்கும் வௌவாலை வெறும் கையால் தொடக்கூடாது, பெரியவர்களைக் கூப்பிடணும். பழம் தின்று கொட்டை போட்டே மரம் வளர்க்கிற பிராணி என்பதையும் சேர்த்துச் சொன்னாள். கட்டம் நிரம்பிவிட்டது.

வைக்கோலும் வாழையும் வயலும் எல்லா வீட்டிலும் இருப்பவை, அவற்றைப் பற்றி உங்களுக்குத் தெரியும். வரப்பு உளுந்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். நெல் நட்டதும் வரப்பில் உளுந்து ஊன்றிவிட்டால் நன்மை செய்யும் பூச்சிகள் அதில் தங்கும், நெல்லைத் தாக்குவதை அவை பிடித்துத் தின்னும். கடைசியில் வடைக்கும் வடகத்துக்கும் வீட்டு உளுந்து கிடைக்கும்.

பிள்ளைகளில் ஒருத்தி வாய்க்காலில் பூத்த வெங்காயத்தாமரையைச் சொன்னாள். ஊதா நிறத்தில் அழகான பூதான். அத்தை மறுக்கவில்லை. “பிடிச்சா பிடிச்சுட்டுப் போவுது. ஆனா அதைப் பேண வேண்டாம், அது அடைக்கிற தண்ணியைப் பேணணும்” என்றார். அந்தப் பேச்சில்தான் வடிகால் பட்டியலுக்கு வந்தது. இதுதான் எனக்கு மிகவும் முக்கியமான சொல். டெல்டாவில் பாசன வாய்க்காலைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள், தூர்வாரச் சொல்லி மனுக்கொடுப்பார்கள். வடிகாலை யாரும் நினைப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வானம் கொட்டும்போது இளஞ்சம்பா மூழ்கிக் கிடப்பது தண்ணீர் வந்ததால் மட்டும் அல்ல, போக வழி இல்லாததாலும்தான். வெங்காயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்துக்கொண்டு நிற்கும். வீட்டுக்குப் பாதை போட்டவர் சின்னக் குழாயைப் புதைத்திருப்பார். அதற்குமேல் தண்ணீர் எழும்பி வயலுக்குள் திரும்பும்.

ஆகவே செய்ய வேண்டியவை. மழைக்கு முன்னால் வடிகாலின் முழு நீளமும் ஒருமுறை நடந்து பாருங்கள். குழாய் போடுகிறவரிடம் பெரியதாகப் போடச் சொல்லுங்கள், புதைப்பதற்கு முன்னால் சொல்லுங்கள். வெங்காயத்தாமரையைத் தள்ளிவிட்டால் அடுத்த பாலத்தில் போய் அடைக்கும், கரையில் இழுத்துப்போட்டுக் காயவிட்டு மக்கவையுங்கள். வயல் மூழ்கிவிட்டால் முதலில் தண்ணீரை வடியுங்கள். நிற்கும் தண்ணீரில் உரம் போட வேண்டாம். வடிந்தபிறகு ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு கலந்து ஒரு ராத்திரி வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்துப் போடச் சொல்லி வேளாண்மைத் துறை பரிந்துரைக்கிறது. எங்கள் வயலில் வெளுத்த பயிர் அதில் பச்சை கட்டியதைப் பார்த்திருக்கிறோம்.

புரட்டாசியில் மண்வெட்டியும் கொக்கியும் எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு வடிகால் கரையில் நடக்கிறோம். பக்கத்து வயல்காரர்களையும் கூப்பிட்டுக்கொள்கிறோம். எங்கள் எல்லைவரை மட்டும் சுத்தம் செய்தால் தண்ணீர் அடுத்த வயலின் ஓரத்தில் போய் நின்றுவிடும்.